பாஸ் வாசிப்பவர் எங்கே? ஜிம்மி ஸ்மித் வழியாக ஜாஸ் ஆர்கனுக்கு ஓர் அறிமுகம்

'பேக் அட் த சிக்கன் ஷாக்' என்று ஒரு ஆல்பம். அட்டைப் படத்தில் ஒரு கொட்டகை முன்னால் நாயோடும் சேவலோடும் ஜிம்மி ஸ்மித் உட்கார்ந்திருப்பார். அதன் முதல் டிராக்கைப் போட்டுக் கேளுங்கள், எட்டு நிமிடம்தான். 1960 ஏப்ரல் 25 அன்று நியூ ஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோவில் பதிவானது. கொஞ்சமும் அவசரப்படாத புளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து வந்த ஒரு பாட்டு வடிவம். டெனர் சாக்ஸபோன் ஸ்டான்லி டரன்டைன், கிட்டார் கென்னி பரல், டிரம்ஸ் டொனால்ட் பெய்லி, ஆர்கன் ஸ்மித். இவர்கள் எல்லோருக்கும் அடியில் ஒரு பாஸ், அதாவது கீழ்ச் சுரங்களின் வரிசை, சாவகாசமாக நடந்துகொண்டே இருக்கிறது. நல்ல ஹெட்போனில் கேட்டால், தடித்த கம்பியைச் சுண்டியதுபோல அதன் சுரங்களின் தொடக்கத்தில் ஒரு 'தும்' கூடப் பிடிபடும். ஆனால் வாசித்தவர்கள் பட்டியலில் பாஸ்காரர் என்று யாரும் கிடையாது.

அதையும் ஸ்மித்தேதான் வாசிக்கிறார், இடது கையாலும் இடது காலாலும். வலது கை அதே நேரத்தில் வேறு கதை சொல்லிக்கொண்டிருக்கிறது. ஜாஸ் ஆர்கன் என்ற கலை மற்ற கீபோர்டு வாசிப்புகளிலிருந்து எங்கே பிரிகிறது என்று கேட்டால், நான் முதலில் கைகாட்டுவது இந்த இடத்தைத்தான்.

ஜாஸே புதிது என்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. கர்நாடகக் கச்சேரியில் ராகம் எல்லை வகுக்கிறது, பாடுபவர் அதற்குள் கற்பனை செய்கிறார். ஜாஸில் எல்லை வகுப்பது கார்டுகளின் சுழற்சி; பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பதுதான் கார்டு. புளூஸ் என்றால் பெரும்பாலும் 12 பார் (பார் என்பது ஒரு தாள அளவு), பாருக்கு நான்கு தட்டு. 48 தட்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து, ஒரு ஆவர்த்தனம் முடிந்து அடுத்தது தொடங்குகிற மாதிரி. முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக அந்தச் சுழற்சியின்மேல் அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பார்கள். அதுதான் சோலோ. சுழற்சியில் இப்போது எங்கே இருக்கிறோம் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருப்பது பாஸ். தட்டுக்கு ஒரு சுரமாக ஏறியும் இறங்கியும் போகும் அந்த வரிசைக்கு 'வாக்கிங் பாஸ்' என்று பெயர். அது தடுமாறினால் மேலே யார் எவ்வளவு அழகாக வாசித்தாலும் எடுபடாது. சோலோ வாசிப்பவரே அந்தப் பொறுப்பையும் தலையில் போட்டுக்கொள்வது, பாடுபவரே மிருதங்கத்தையும் வாசிப்பதற்குச் சமம்.

கடிகார வியாபாரியின் ஆர்கன்

ஆர்கன் என்றால் பழைய தேவாலயங்களில் சுவர் முழுக்க நிற்கும் குழாய் ஆர்கன்தான் பலருக்கு ஞாபகம் வரும். அதிலும் ஜாஸ் வாசித்திருக்கிறார்கள். ஹார்லெமின் லிங்கன் தியேட்டரில் மௌனப் படங்களுக்கு வாசித்த ஃபேட்ஸ் வாலர், 1920களில் விக்டர் கம்பெனிக்காகக் குழாய் ஆர்கனில் செய்த பதிவுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. அவருடைய சாமர்த்தியத்தால் நிற்பவை அவை. கருவி ஜாஸுக்குத் தோதானதல்ல. கட்டையை அழுத்திய பிறகு குழாயில் காற்று ஏறி ஒலி நம் காதுக்கு வந்து சேரத் தாமதமாகும். தாளத்தின் விளிம்பில் நிற்கும் இசைக்கு அந்தத் தாமதம் பெரிய இடைஞ்சல். தவிர, கட்டடத்தோடு கட்டடமாக இருக்கும் கருவியை எந்த கிளப்புக்குத் தூக்கிக்கொண்டு போவது?

1935இல் சிகாகோவில் லாரன்ஸ் ஹாமண்ட் வேறொரு ஆர்கனைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அவர் இசைக்காரர் அல்ல, எஞ்சினியர். அதுவரை விற்றுவந்தது கடிகாரம். மின்கம்பியில் வரும் மாறுமின்னோட்டத்தின் அலைவெண்ணோடு பூட்டிக்கொண்டு ஓடும் மோட்டார் அவருடைய கடிகாரங்களின் உயிர்நாடி. மின்சாரம் சீராக இருக்கும்வரை கடிகாரமும் சீராக ஓடும். அதே வகை மோட்டாரால் பற்சக்கரங்கள் வழியே ஒரு வரிசை உலோகத் தட்டுகளைச் சுழலவிட்டார். ஒவ்வொரு தட்டின் விளிம்பும் மேடுபள்ளமாக இருக்கும்; எதிரே ஒரு காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும். மேடுகள் காந்தத்தைக் கடக்கும்போது சுருளில் ஒரு மெல்லிய மின் அலை பிறக்கிறது. எத்தனை மேடு, எவ்வளவு வேகம் என்பதைப் பொறுத்துச் சுரம் மாறும். பின்னாளில் புகழ்பெற்ற பி-3 மாடலில் இப்படி 91 தட்டுகள். கருவியைத் தொடங்கவே இரண்டு சுவிட்ச் உண்டு: 'ஸ்டார்ட்' சுவிட்சைச் சில நொடிகள் பிடித்துக்கொண்டு, தட்டுகள் வேகமெடுத்த பிறகு 'ரன்' சுவிட்சைப் போட வேண்டும்.

இதனால் ஹாமண்டுக்குச் சுருதி கூட்டும் வேலையே இல்லை. அந்தப் பொறுப்பு மின்வாரியத்துடையது. அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி, நம்முடையது 50. அங்கே ஓடுவதற்கென்று செய்த கருவியை இங்கே கொண்டுவந்து, வோல்டேஜை மட்டும் சரிசெய்து மாட்டினால், ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். எல்லாச் சுரமும் ஏறத்தாழ மூன்று அரைச்சுரம் கீழே இறங்கிவிடும்.

குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சின்னச் சபைகள் ஹாமண்டை விரும்பி வாங்கின. கறுப்பின மக்களின் தேவாலயங்களில் அது வேரூன்றியது. பிரசங்கியின் குரலுக்கு இடையிடையே பதில் சொல்லும் ஒரு வாசிப்பு முறையும் அங்கே வளர்ந்தது. ஞாயிறு காலை கேட்ட அதே ஒலி சனிக்கிழமை இரவுகளில் மதுக்கூடங்களுக்கும் வந்து சேர்ந்தது. ஹாமண்ட் மனத்தில் நினைத்திருந்த வாடிக்கையாளர்கள் நிச்சயமாக மதுக்கூடக்காரர்கள் அல்ல.

1950களின் நடுவில் வந்த பி-3இல் மேலும் கீழுமாக இரண்டு கீபோர்டு, ஒவ்வொன்றிலும் 61 கட்டை. காலுக்கு 25 பெடல். பெஞ்சும் பெடலும் சேர்ந்து எடை சுமார் 190 கிலோ. பிணம் ஏற்றும் வண்டியை வாங்கி அதில் ஆர்கனை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன கலைஞர்கள் உண்டு. நீளமும் உயரமும் சரியாக இருந்த வண்டி அதுதான்.

இழுப்பதும் தள்ளுவதும்

கீபோர்டுகளுக்கு மேலே வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன இழுப்புக் கம்பிகளுக்கு டிராபார் என்று பெயர். ஒரு தொகுதிக்கு ஒன்பது. ஒவ்வொன்றும் நீங்கள் அழுத்திய சுரத்தோடு வேறொரு சுரத்தைக் கலக்கிறது. எவ்வளவு இழுக்கிறீர்களோ அவ்வளவு கலப்பு, 0 முதல் 8 வரை. குழாய் ஆர்கனின் வழக்கப்படி இவற்றுக்கு அடிக்கணக்கில் பெயர் வைத்திருக்கிறார்கள்: 16 அடி, 5⅓ அடி, 8 அடி, இப்படி. 8 அடிதான் அழுத்திய சுரம். அதை ஸ என்று வைத்துக்கொண்டால், 16 அடி கீழ் ஸ்தாயி ஸ, 5⅓ அடி அழுத்திய ஸவுக்கு மேலுள்ள ப.

ஸ்மித் பெரும்பாலும் முதல் மூன்று கம்பிகளை முழுவதும் இழுத்து, மற்ற ஆறையும் உள்ளே தள்ளி வைத்தார். அதாவது கீழ் ஸ, ப, ஸ. தேவாலயத்து ஆர்கனின் பிரகாசமெல்லாம் போய், தடிமனான, கொஞ்சம் கரகரத்த ஒலி கிடைக்கிறது. வேகமாக வாசித்தாலும் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. இந்தச் சேர்க்கை அவரோடு சேர்ந்து பிரபலமாகி, இன்று ஜாஸ் ஆர்கன் கற்பவர்கள் முதல் நாளே செய்து பார்க்கும் அமைப்பாகிவிட்டது. உங்கள் வீட்டு கீபோர்டில் 17 முதல் 20 வரையுள்ள டோன்களைப் பாருங்கள். ஜெனரல் மிடி என்ற பொது வரிசைப்படி அமைந்த கீபோர்டு என்றால் டிராபார் ஆர்கன், பெர்க்கஸிவ் ஆர்கன், ராக் ஆர்கன், சர்ச் ஆர்கன் என்று நான்கும் அடுத்தடுத்து இருக்கும். முதல் இரண்டும் ஹாமண்டின் வாரிசுகள்.

ஹாமண்டின் குறைகள் என்று எஞ்சினியர்கள் கருதியவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜாஸ்காரர்கள் பிழைத்ததே அவற்றை வைத்துத்தான். ஒரு கட்டையின் அடியில் ஒன்பது மின் தொடுப்புகள். அழுத்தும்போது ஒன்பதும் ஒரே கணத்தில் சேர்வதில்லை. அதனால் சுரத்துக்கு முன்னால் ஒரு 'டிக்' கேட்கும். கம்பெனி இதை ஒழிக்கப் பாடுபட்டது. ஜாஸ்காரர்களுக்கோ அந்த 'டிக்' இருந்தால்தான் சுரம் தாளத்தில் பளிச்சென்று உட்காரும். அடுத்தது, பியானோவைப் போல் பலமாக அழுத்தினால் பெரிய ஒலி, மெதுவாக அழுத்தினால் சிறிய ஒலி என்பது இதில் கிடையாது. ஓங்கி அடித்தாலும் தடவிக் கொடுத்தாலும் ஒரே அளவுதான். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் வலது காலடியில் ஒரு பெடல். ஆகவே ஒரு சொற்றொடரின் ஏற்ற இறக்கமெல்லாம் விரலிலிருந்து காலுக்கு இறங்கிவிடுகிறது. சுரம் தேய்வதும் இல்லை. கட்டையை விடும்வரை அதே பலத்தில் நிற்கும். இதை வைத்து ஸ்மித் செய்த ஒரு வித்தை எல்லோரையும் கவர்ந்தது. வலது கையின் ஒரு விரலால் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்திவிட்டு, அடியில் கார்டுகள் ஓடி ஓடி மாற, மீதி விரல்களால் வேறு ஏதோ வாசித்துக்கொண்டிருப்பார். சுழற்சி முடிந்தாலும் விடமாட்டார். கூட்டம் கத்தத் தொடங்கும். பியானோவில் இதைச் செய்ய முடியாது, சுரம் பாதியில் செத்துவிடும். சில நேரம் ஸ்மித் இதைக் கைதட்டலுக்காகவே செய்தார் என்பது என் அபிப்பிராயம். அடுத்தடுத்து மூன்று ஆல்பம் கேட்டால் கொஞ்சம் அலுக்கும்.

பி-3இல் புதிதாகச் சேர்ந்த 'பெர்க்கஷன்' வசதியும் முக்கியம். கட்டையைத் தொட்டவுடன் ஒரு மணியோசை கிளம்பி உடனே தேய்ந்துபோகும். ஒரு நிபந்தனை: முன்பு அழுத்திய கட்டைகளையெல்லாம் விட்ட பிறகுதான் அடுத்த மணியோசை வரும். சுரங்களை இழைத்து வாசித்தால் முதல் சுரத்துக்கு மட்டும் கிடைக்கும், வெட்டி வெட்டி வாசித்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும். எந்தச் சுரத்தைத் தனித்துக் காட்டுவது, எதை விழுங்குவது என்று வாசிப்பவரே விரலை எடுக்கும் நேரத்தால் தீர்மானிக்கலாம். ஸ்மித்தின் வேகமான பகுதிகள் யாரோ பேசுவதுபோல் ஒலிப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

கிடங்கில் பயிற்சி

ஜேம்ஸ் ஆஸ்கர் ஸ்மித் பிறந்தது பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியாவுக்குப் பக்கத்திலுள்ள நாரிஸ்டவுனில். ஆண்டு விஷயத்தில் 1925, 1928 என்று இரண்டு கணக்கு இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் பியானோ வாசிப்பார்கள், வீட்டிலேயே பாடம். கடற்படையில் வேலை பார்த்துத் திரும்பியபின் 1940களின் இறுதியில் இசைப் பள்ளிகளில் சேர்ந்தார். அங்கே பியானோவோடு டபுள் பாஸும் (ஆளுயர வயலின் போன்ற, நின்றுகொண்டு வாசிக்கும் கருவி) படித்தார் என்பதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். 1950களின் தொடக்கத்தில் டான் கார்ட்னரின் சோனோடோன்ஸ் என்ற ரிதம் அண்ட் புளூஸ் குழுவில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் ஹாமண்ட் வாசிப்பவர்களில் பெரிய பெயர் வைல்ட் பில் டேவிஸ். இரண்டு கைகளாலும் தடித்தடியாகக் கார்டுகளை அடுக்கி, ஒரே ஆளாக ஒரு பிக் பேண்டின், அதாவது ஊதுகருவிகள் நிறைந்த பெரிய ஜாஸ் குழுவின், முழக்கத்தைக் கொண்டுவருவார். அவரைக் கேட்ட ஸ்மித்துக்குப் பியானோ கசந்துவிட்டது. கந்துவட்டிக்குக் கடன் வாங்கி ஒரு ஹாமண்டை வாங்கினார். அதை வைக்க வீட்டில் ஏது இடம்? ஒரு கிடங்கை வாடகைக்குப் பிடித்துப் போட்டார். பெடல் எது எங்கே இருக்கிறது என்று பெரிய படமாக வரைந்து எதிர்ச்சுவரில் ஒட்டிக்கொண்டு, காலைக் குனிந்து பார்க்காமல் சுவரைப் பார்த்தே பழகினார் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வெளியே வந்தபோது அவர் வாசித்தது வைல்ட் பில்லின் பாணி அல்ல.

மற்றவர்கள் ஆர்கனை ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவாக நினைக்கிறார்கள், தனக்கோ அது ஊதுகருவி என்பது ஸ்மித்தின் நிலை. சார்லி பார்க்கரின் சாக்ஸபோன் போல ஒலிக்க வேண்டும் என்பதே அவர் முயற்சி. வலது கை ஒற்றைச் சுரங்களாக, மூச்சு விட்டு மூச்சு விட்டு வாசிக்கும். கையை நிரப்பி வைத்திருந்த கார்டுகளைக் கழற்றிப் போட்டதும் இடது கை காலியானது. அந்தக் கையை அவர் பாஸுக்குக் கொடுத்தார்.

இங்கே ஒரு நுணுக்கம். பாஸ் முழுக்கக் காலால் வாசிக்கப்படுவதாகப் பலர் நினைக்கிறார்கள். ஸ்மித் வழியில் பாஸ் வரிசையை நடத்துவது இடது கை, கீழ்க் கீபோர்டில். இடது கால் பெடலைத் தொட்டுத் தொட்டு எடுக்கும். பெடலில் எந்தச் சுரம் விழுகிறது என்பது இரண்டாம்பட்சம். டபுள் பாஸ் கம்பியை விரல் சுண்டும்போது எழும் அந்தத் 'தும்' கிடைத்தால் போதும். கை சுரம் கொடுக்கிறது, கால் அதற்கு மரத்தின் ஓசையைக் கொடுக்கிறது. டபுள் பாஸைக் கட்டிப்பிடித்து வாசித்துப் பழகியவருக்கே இந்த எண்ணம் வந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. வலது கால் எப்போதும் ஒலிப் பெடலின் மேல். இடது கை பாஸில் மாட்டிக்கொண்டதால் கார்டு வாசிக்க ஓர் ஆள் தேவை, அதற்குத்தான் கிட்டார். ஆர்கன், கிட்டார், டிரம்ஸ் என்ற 'ஆர்கன் டிரியோ' அமைப்பின் சூத்திரம் இவ்வளவுதான். பாஸ்காரருக்குக் கொடுக்க வேண்டிய சம்பளம் மிச்சம் என்பதால் சின்ன கிளப் முதலாளிகளுக்கும் இந்த அமைப்பு பிடித்துப்போனது.

புளூ நோட் ஆண்டுகள்

1956இல் ஹார்லெமின் ஸ்மால்ஸ் பாரடைஸ் கிளப்பில் ஸ்மித்தைப் பார்க்க புளூ நோட் இசைத்தட்டுக் கம்பெனியின் ஆல்ஃப்ரெட் லயனும் பிரான்சிஸ் வுல்ஃபும் வந்தார்கள். இருவரும் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர்கள், ஜாஸ் பைத்தியங்கள், கையில் காசு இல்லாதவர்கள். முகம் கோணி, வலியில் துடிப்பவரைப் போல ஆர்கன்மேல் கவிந்து, விரல்கள் பறக்க, கால் பெடலில் நடனமாட வாசித்த அந்த மனிதரைப் பற்றி வுல்ஃப் பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்த ஆண்டே முதல் ஆல்பம் வந்தது: 'எ நியூ சவுண்ட், எ நியூ ஸ்டார்'. புதிய ஒலி, புதிய நட்சத்திரம். விளம்பரம்தான், ஆனால் இரண்டும் உண்மையாகிவிட்டன. கிட்டார் வாசித்தவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த தார்னெல் ஷ்வார்ட்ஸ்.

அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் புளூ நோட்டுக்காக ஏறத்தாழ 40 முறை ஸ்டூடியோவில் உட்கார்ந்தார். கம்பெனியின் அதிக விற்பனைப் பெயர்களில் ஒன்றானார். அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

'த சர்மன்' என்ற தலைப்பு டிராக் 1958 பிப்ரவரியில் பதிவானது. 20 நிமிடம். ஒரு பழைய எல்பி தட்டின் ஒரு பக்கம் முழுவதும் இதுவே. பெயருக்கேற்ப பிரசங்கம்தான், நிதானமான 12 பார் புளூஸ். டிரம்பெட் லீ மார்கன், ஆல்டோ சாக்ஸபோன் லூ டொனால்ட்சன், டெனர் டீனா புரூக்ஸ், கிட்டார் கென்னி பரல், டிரம்ஸ் ஆர்ட் பிளேக்கி. இத்தனை பெரிய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சோலோ வாசித்துவிட்டு ஒதுங்கி மூச்சு வாங்குகிறார்கள். ஸ்மித்துக்கு ஓய்வே இல்லை. அந்த 20 நிமிடமும் 48 தட்டுச் சுழற்சியின் ஒவ்வொரு தட்டுக்கும் இடது கை ஒரு சுரம் வைத்தாக வேண்டும். சோலோக்களைப் பிறகு ரசிக்கலாம். முதல் தடவை இடது கையை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அது இயந்திரம் போல ஓடுவதில்லை. முன்னால் நிற்பவர் சூடு பிடிக்கும்போது பாஸ் கொஞ்சம் முன்னே தள்ளுகிறது, அவர் அடங்கும்போது பின்னால் சாய்கிறது. பிளேக்கி போன்ற இடிமுழக்கக்காரர் பின்னால் இருந்தும் குழுவின் வேகத்தைப் பிடித்து வைத்திருப்பது ஆர்கன் பெஞ்சில் இருப்பவர்தான்.

ஸ்மித் என்றால் வேகம் என்று சொல்பவர்கள் உண்டு. வேகமும் இருக்கிறது, தொடக்ககாலப் பதிவுகளில் சற்று அதிகமாகவே இருக்கிறது. என் வரையில் அவர் பெரிய கலைஞராவது இந்த நடுத்தர வேகப் புளூஸ்களில்.

பாஸ்காரர்கள் வந்தார்கள்

1962இல் வெர்வ் கம்பெனி அவரைப் பெரிய ஆர்கெஸ்ட்ராவோடு சேர்த்தது. 'பாஷின்' ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுக்க ஆலிவர் நெல்சன் அமைத்த பிக் பேண்ட். அதிலுள்ள 'வாக் ஆன் த வைல்ட் சைட்', எல்மர் பெர்ன்ஸ்டைன் ஒரு படத்துக்குப் போட்ட இசை, அமெரிக்கப் பாப் பட்டியலில் 21ஆம் இடம் வரை போனது. சொற்களில்லாத ஜாஸ் டிராக்குக்கு இது சாதாரணமல்ல. 1964இல் லாலோ ஷிஃப்ரின் இசையமைத்த 'த கேட்', 1966இல் கிட்டார் மேதை வெஸ் மான்ட்கமரியோடு 'த டைனமிக் டூவோ' என்று வரிசையாக வந்தன. ஸ்மித் பணமும் பெயரும் சம்பாதித்தது இந்தக் கட்டத்தில்தான்.

ஆனால் பிக் பேண்ட் என்றால் அதில் ஒரு பாஸ்காரரும் இருப்பார். ஸ்மித்தின் இடது கை விடுதலையாகிவிட்டது. அந்த ஆல்பங்கள் பளபளப்பானவை, பித்தளைக் கருவிகள் ஒரே வீச்சில் எழும் இடங்களில் மயிர்க்கூச்செறியும். இருந்தாலும், தரையைத் தானே போட்டுக்கொண்டு அதன்மேல் தானே நடக்கும் மனிதரைக் கேட்கும் பதைப்பு அவற்றில் குறைவு. வெர்வ் காலம்தான் உச்சம் என்று சொல்கிற ரசிகர்கள் நிறைய. நான் அந்தக் கட்சியில் இல்லை.

ஒரு விதிவிலக்கை ஒப்புக்கொள்கிறேன். 1972 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸில் பாம்பே பைசிக்கிள் கிளப் என்ற இடத்தில் நேரடியாகப் பதிவான 'ரூட் டவுன்'. பம்பாய்க்கும் அதற்கும் பெயரைத் தவிரச் சம்பந்தமில்லை. இங்கே வில்டன் ஃபெல்டர் மின் பாஸ் கிட்டார் வாசிக்கிறார். இது ஜாஸின் நடை இல்லை, ஃபங்க் இசையின் குத்து. அந்த பாஸை ஆர்கனில் வாசித்திருந்தால் வழவழவென்று ஆகியிருக்கும். 1994இல் பீஸ்டி பாய்ஸ் என்ற ஹிப்-ஹாப் குழு இதிலிருந்து ஒரு துண்டை எடுத்து அதே பெயரில் பாட்டாக்கியது. அப்பா தலைமுறையின் எல்பி, பிள்ளைகளின் காதுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது.

பிறகு இறங்குமுகம். சிந்தசைசர்கள் வந்தன, ஒரு ஆள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம். 190 கிலோவைப் படியேற்ற யாருக்கும் பொறுமையில்லை. 1970களின் நடுவில் சுழலும் தட்டு வைத்த ஆர்கன் தயாரிப்பையே ஹாமண்ட் கம்பெனி நிறுத்திவிட்டது. ஸ்மித் மனைவி லோலாவோடு நார்த் ஹாலிவுட்டில் ஒரு சப்பர் கிளப் (இரவு உணவோடு இசையும் கிடைக்கும் இடம்) நடத்தினார், அங்கேயே வாசித்தார். 1987இல் மைக்கேல் ஜாக்சனின் 'பேட்' பாட்டின் நடுவே ஒரு ஆர்கன் சோலோ வருமே, அது ஸ்மித். ஜாஸ் பக்கமே போகாத நீங்களும் அவரைக் கேட்டிருக்கிறீர்கள்.

திரும்பவும் காற்று மாறியது. பிலடெல்பியாவிலிருந்தே ஜோயி டிஃப்ரான்செஸ்கோ என்ற பையன், பதின்ம வயதிலேயே டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸோடு மேடையேறி, பழைய பி-3ஐ மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். ஸ்மித்தைக் குருவாகக் கொண்டாடியவர். இருவரும் சேர்ந்து செய்த 'லெகசி' வெளிவந்த 2005ஆம் ஆண்டிலேயே, பிப்ரவரி 8 அன்று, அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் ஸ்மித் காலமானார். அமெரிக்க அரசின் ஜாஸ் மாஸ்டர் விருது கிடைத்ததும் அதே ஆண்டு. டிஃப்ரான்செஸ்கோவும் 2022இல் போய்விட்டார்.

அடுத்து யாரைக் கேட்பது

ஸ்மித்தை வைத்து எல்லோரையும் அளக்கும் பழக்கம் ஜாஸ் ரசிகர்களிடம் உண்டு. அது அவ்வளவு நியாயமில்லை. ஷெர்லி ஸ்காட்டும் பிலடெல்பியாக்காரர்தான். சாக்ஸபோன் கலைஞர் எடி 'லாக்ஜா' டேவிஸோடு அவர் வாசித்த 1958ஆம் ஆண்டுப் பதிவுகளில் ஜார்ஜ் டுவிவியர் டபுள் பாஸ் வாசிக்கிறார். அதனால் ஸ்காட்டின் இரண்டு கைகளும் கார்டுகளோடு விளையாடுகின்றன. ஒலியில் ஒரு இலேசான தன்மை, நகைச்சுவை. ஸ்மித்தின் கனத்துக்குப் பிறகு இது ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கும்.

ஜிம்மி மெக்ரிஃப் கிட்டத்தட்ட முழுக்க புளூஸ், யோசனை எதுவும் வேண்டாம், காலைத் தட்டிக்கொண்டு கேட்கலாம். ஜாக் மெக்டஃப் குழுவில்தான் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் பென்சன் இளைஞராக வளர்ந்தார். தலைப்பாகையோடு மேடையேறிவந்த டாக்டர் லோனி ஸ்மித், ஜிம்மிக்கு உறவல்ல, பெயர் ஒற்றுமைதான். அவர் ஒலியைக் கிசுகிசுப்பு அளவுக்குக் குறைத்து, கூட்டம் முன்னால் சாய்ந்து கேட்கும்படி வைத்து, பிறகு ஒரேயடியாகத் திறந்துவிடுவார்.

ஸ்மித்தின் நிழலைவிட்டு உண்மையிலேயே வெளியே போனவர் லாரி யங். நியூவர்க்கைச் சேர்ந்தவர், ஸ்மித்தைப் போலவே வாசிக்கத் தொடங்கியவர். 1965இல் புளூ நோட்டுக்காகப் பதிவு செய்த 'யூனிட்டி' ஆல்பத்தில் டிரம்பெட் வுடி ஷா, டெனர் ஜோ ஹெண்டர்சன், டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ். கிட்டாரும் இல்லை, பாஸ்காரரும் இல்லை. தேவாலயமும் மதுக்கூடமும் அதில் அதிகம் கேட்காது. சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் குழு அப்போது தேடிக்கொண்டிருந்த ஒலிகள் கேட்கும். கார்டுகளைத் திறந்துவிட்டு, நடுவே இடைவெளி விட்டு வாசிக்கிறார்.

'சிக்கன் ஷாக்', பிறகு 'த சர்மன்', பிறகு 'யூனிட்டி' என்ற வரிசையில் கேட்டால் எட்டு ஆண்டுகளுக்குள் ஆர்கன் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது பிடிபடும். மூன்றிலும் பாஸ் யார் கையில் இருக்கிறது என்பதைக் கவனித்துக்கொண்டே போங்கள், மற்றது பின்னாலேயே வரும். மொபைல் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். அதில் பாஸ் கேட்கவே கேட்காது.